நாற்பது ஜி.பி.க்கு ஒரு பாகப்பிரிவினை

போன வாரம் ஒரு ஃப்ளாப்பி டிஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் குங்குமம்.

வருவாய்த் துறையில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் நான். மஞ்சள் தடவிய கிரயப் பத்திரம் பார்த்திருக்கிறேன். மஞ்சள் தடவிய பட்டா பார்த்திருக்கிறேன். மஞ்சள் தடவிய டிராக்டர் ஆர்.சி. புத்தகம்கூடப் பார்த்திருக்கிறேன். ஃப்ளாப்பி இதுதான் முதல் தடவை.

"என்ன சின்னசாமி இது?"

"நீங்கதானுங்களே அய்யா சொன்னீங்க... மூலப்பத்திரம் மாதிரி வெச்சுக்கோணும்னு!"

சொன்னேன். மறுக்க முடியாது. ஆனால், கதையை முதலிலிருந்து சொன்னால்தான் யார் மேல் எவ்வளவு பழி என்று நீங்கள் சரியாகப் பங்கு போட முடியும்.

ஓய்வு பெற்றதும் நான் செம்மேட்டில் குடியேறியதற்கு, கொல்லிமலைக் காற்றுதான் காரணம் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். உண்மை வேறு. சமவெளியில் இருந்தால் மனு எழுதித் தரச் சொல்லி வாசலில் நிற்பார்கள். இத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி எவன் வரப்போகிறான் என்று கணக்குப் போட்டேன். வருகிறான். பஸ்ஸில் வாந்தி எடுத்து, இறங்கி வாய் கொப்பளித்து, மனுவோடு வருகிறான்.

சின்னசாமி அப்படி வந்தவர் இல்லை. என் வீட்டை ஒட்டிய கட்டடம் அவருடையது. அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் பூர்வீக நிலம், கிணறு, மோட்டார் எல்லாம் உண்டு. மகன் பழனிச்சாமிக்கு விவசாயம் ஒட்டவில்லை. அதனால் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு அருகே இந்தக் கட்டடத்தில் அவனுக்கு ஒரு கடை வைத்துக் கொடுத்தார். ஜெராக்ஸ், லேமினேஷன், கம்ப்யூட்டர் ஜாதகம். கூட்டம் ஜாதகத்துக்குத்தான். வாழவந்தி நாட்டிலிருந்தெல்லாம் குழந்தை பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு வருவார்கள். பழனிச்சாமி தட்டுவான். பிரிண்டர் கறகறவென்று கத்தி ஒரு தலைவிதியைத் துப்பும்.

மகள் கோகிலா. தபால் வழியில் எம்.சி.ஏ., கடைசி வருடம். கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு இருந்துகொண்டு, பகலில் டைப்பிங், மிச்ச நேரத்தில் படிப்பு.

கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. சின்னசாமி வாங்கிக் கொடுத்தது, இரண்டு பேருக்கும் பொதுவாக.

பொதுவாக! தமிழில் இதைவிட ஆபத்தான சொல் கிடையாது. என் சர்வீஸில் பாதி இந்த ஒரு சொல்லால்தான் ஓடியது.

தை முடிந்து ஒரு சந்தை நாள். சின்னசாமி மலையேறி வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அய்யா, ஒரு விடுதலைப் பத்திரம் எழுதோணும்."

விடுதலை என்றதும் கொடியேற்றம், மிட்டாய் என்று நினைக்காதீர்கள். பூர்வீகச் சொத்தில் தன் பங்கு வேண்டாம் என்று பெண் பிள்ளை, அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பது. இதில் விடுதலை பெறுவது நிலம். கல்யாணத்துக்கு முன்னால் கையெழுத்து வாங்கிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்; ஊர்ப் பேச்சில் 'வளமை'. சட்டம் பங்கு உண்டு என்கிறது. ஊர் பேனாவைத் திறந்து கொடுக்கிறது.

"கோகிலாவைக் கேட்டீங்களா?"

"அதுகிட்ட என்னத்தைங்க கேக்கறது? அது நல்ல புள்ளைங்க."

நல்ல பிள்ளை என்றால் கேட்க வேண்டியதில்லை. கெட்ட பிள்ளை என்றால் கேட்டுப் பயனில்லை. ஆக, யாரையும் கேட்க வேண்டாம். நடைமுறை எவ்வளவு சுலபம் பாருங்கள்.

"இப்பவே வேண்டாங்க. வைகாசியில அதுக்கு வாய்வாவோ என்னமோ இருக்குதாமா. பாஸானாச் சரி. ஆகலீன்னா இத்தோட படிப்பு போதும்னு சொல்லிப் போட்டனுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எத்தனை நாளைக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க?"

ஆக, கோகிலாவுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. ஒரு புராஜெக்ட். ஒரு வைவா.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துக் கடையில் சத்தம்.

"ஏனுங்கண்ணா, நீங்க எந்திரிக்கறீங்களா இல்லீங்களா?"

"கஸ்டமர் உக்காந்திருக்கறாங்க அம்மிணி! ஒருத்தருக்குச் செவ்வாய் தோஷம் பாதியில நிக்குது!"

"என்ற புராஜெக்ட் மூணு நாளா அப்பிடியே நிக்குதுங்கண்ணா! நீங்க கருணையில்லாத மனுசனுங்க!"

இந்த ஊர்ச் சண்டையில் எனக்குப் பிடித்ததே இதுதான். குரல்வளையைப் பிடிக்கும்போதுகூட 'ங்க'வை விட மாட்டார்கள்.

போய்ப் பார்த்தோம். சிக்கல் இதுதான்: ஜாதக சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கோகிலாவின் புராஜெக்ட் லினக்ஸ் என்ற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார். இவளோ சேலத்தில் தோழி வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பார்த்துவிட்டு, இங்கே வந்து காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். லினக்ஸை ஏற்ற இந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் சண்டை.

"ரெண்டையும் ஒரே கம்ப்யூட்டர்ல போடலாங்க அய்யா," என்றாள். "டூயல் பூட்னு பேரு. ஹார்டு டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு, இந்தப் பக்கம் விண்டோஸ், அந்தப் பக்கம் லினக்ஸ். ஆன் பண்ணுனதும் எது வேணும்னு ஒரு மெனு கேக்கும்."

சின்னசாமிக்கு முகம் மாறியது. "ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு அடுப்பா? ஊரு என்ன சொல்லும்?"

ஊர் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்க்காது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பிறகுதான் கிணறு ஞாபகம் வந்தது.

"ஏன் சின்னசாமி, உங்க கிணத்துல உங்களுக்கும் சித்தப்பா மகனுக்கும் முறைத் தண்ணிதானே?"

"ஆமாங்க. ஒரு நாள் நமக்கு, ஒரு நாள் அவனுக்கு."

"மோட்டார்?"

"ஒண்ணுதானுங்க."

"ஒரே சமயத்தில் ரெண்டு பேரும் பாய்ச்ச முடியுமா?"

"அதெப்பிடிங்க முடியும்? ஒருத்தன் மடையைக் கட்டுனாத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். முகம் மலர்ந்துவிட்டது. "அட, அதானுங்களா இது! அப்பச் சரி. ஆனா, பாகம் பிரிக்கறதுன்னா நீங்க வந்து உக்காந்துதான் பிரிச்சுக் குடுக்கோணும்."

எனக்கும் உள்ளூர ஒரு பெருமை. லினக்ஸ் சிடிக்கள் மூன்று, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்திருந்தன. கூடவே வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அடிக்கோடிட்டுப் படித்தேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியுமா?"

"ஆன் பண்ணுவது கீழ்நிலை அலுவலர் வேலை. மேலதிகாரிக்கு நடைமுறை தெரிந்தால் போதும்."

"ஓஹோ. அப்படித்தான் டிபார்ட்மென்ட் ஓடியதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழனிச்சாமி குறித்துக் கொடுத்த நல்ல நேரம். எல்லோரும் கூடினோம். கோகிலா கீபோர்டில். நான் நாற்காலியில், கையேட்டோடு.

நடைமுறை ஒன்று: குடியிருப்பவர்களை முதலில் வெளியேற்ற வேண்டும். பழனிச்சாமியின் ஜாதகங்கள் எல்லாம் ஃப்ளாப்பிகளில் ஏறி வெளியே வந்தன. கடையில் இருந்த ஃப்ளாப்பி அத்தனையும் அதற்கே சரியாகப் போயிற்று.

அடுத்தது அளவை. நாற்பது ஜி.பி. என்று சொல்லி வாங்கிய டிஸ்க். திரையில் முப்பத்தேழு சொச்சம்தான் காட்டியது.

சின்னசாமி துள்ளினார். "பாத்தீங்களா! பத்திரத்துல ஒண்ணு, அளந்தா ஒண்ணு! எங்க காட்டுலயும் இதேதானுங்க!"

"அப்பா, அவங்க ஆயிரத்துல கணக்குப் போடறாங்க, கம்ப்யூட்டரு ஆயிரத்து இருவத்து நாலுல கணக்குப் போடுது..." என்று ஆரம்பித்தாள் கோகிலா.

"புறம்போக்கு போக மீதி," என்றேன். எல்லோருக்கும் புரிந்தது.

பிறகு வரிசை. விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது. விண்டோஸ், பக்கத்தில் இன்னொருவர் குடியிருக்கிறாரா என்று பார்க்காமல் வாசலில் தன் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளும். லினக்ஸ் அப்படியில்லை. பின்னால் வந்தாலும் இருவர் பெயரையும் பலகையில் எழுதும்.

"மூத்தவன் குணம், இளையவ குணம். அப்பிடியே இருக்குது," என்றார் சின்னசாமி. எதைச் சொல்கிறோம் என்று தெரியாமலேயே சொன்னார்.

பாதிக்குப் பாதி கோடு போட்டாயிற்று. விண்டோஸ் ஏறியது. இடையில் மின்சாரம் போயிற்று, வந்தது. லினக்ஸ் ஏறும்போது பழனிச்சாமி திடீரென்று திரையில் விரல் வைத்தான்.

"அதென்ன அம்மிணி, உன்ற பக்கத்துல தனியா ஒரு துண்டு?"

"ஸ்வாப் அண்ணா. மெமரி பத்தலீன்னா லினக்ஸ் கொஞ்சத்தை அங்க கொண்டுபோய் வெச்சுக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். "களம். காய வைக்கவும் தூற்றவும் தனியாக ஒரு இடம்."

"அதெப்பிடிங்க அய்யா? அவளுக்கு மட்டும் களம் தனியாங்களா? எனக்கு?"

"உங்க விண்டோஸ் சொந்த வாசல்லயே காயப் போட்டுக்குங்கண்ணா. அதுக்குத் தனிக் களம் வேண்டாம்."

"பாத்தீங்களா அய்யா, இப்பவே பேச்சை!"

சமாதானப்படுத்த ஒரு டீ தேவைப்பட்டது. இரண்டு டிஸ்க் பகுதிகளுக்கே இப்படி என்றால், தென்னை மரங்களும் ஒரு மோட்டார் ரூமும் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். நான் அதைச் செய்துதான் பென்ஷன் வாங்குகிறேன்.

அடுத்த கேள்விதான் முக்கியமானது. அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"மெனு வந்து பத்து விநாடி நிக்குங்க அய்யா," என்றாள் கோகிலா. "அதுக்குள்ள அம்புக்குறியை அழுத்தி எது வேணும்னு சொல்லோணும். ஆரும் ஒண்ணும் சொல்லலீன்னா அதுவா ஒரு பக்கம் போயிரும். எந்தப் பக்கம் போகோணும்னு இப்பவே கேக்குது."

சின்னசாமி யோசிக்கவே இல்லை. "பையன் பக்கம் போகட்டும்."

"ஏனுங்கப்பா?"

"ஆரும் ஒண்ணும் சொல்லலீன்னா அப்பிடித்தானே கண்ணு வளமை?"

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் கையேட்டைப் பார்த்தேன். அதில் அந்தக் கேள்விக்கு நேராக 'தங்கள் விருப்பம்' என்று மட்டும் போட்டிருந்தது. அவள் விண்டோஸைத் தேர்ந்தெடுத்து என்டரைத் தட்டினாள்.

கடைசியாக, பூட் ஃப்ளாப்பி ஒன்று செய்து வைத்துக்கொள்கிறீர்களா என்று திரை கேட்டது.

"செய்!" என்று நாற்காலிக் கையைத் தட்டினேன். ஏனென்றால், பாகப்பிரிவினையில் அனுபவசாலி பார்ப்பது நிலத்தை அல்ல, தடத்தை. எத்தனை ஏக்கர் பிரித்துக் கொடுத்தாலும், போய்வர வண்டித் தடம் எழுதாவிட்டால் அந்த நிலத்தை ஹெலிகாப்டரில்தான் உழ வேண்டும். தடம் விடாத பாகப்பத்திரத்தை என் மேஜையைத் தாண்டவிட்டதே இல்லை.

அண்ணன் ஒரு பழைய ஃப்ளாப்பியைத் தேடி எடுத்துக் கொடுத்தான். தங்கை செய்து முடித்தாள். நான் அதைச் சின்னசாமியிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன்.

"நாளைக்கு வாசல் அடைபட்டால் இதைப் போட்டுத்தான் உங்க பொண்ணு அவள் பக்கத்துக்குள் போக முடியும். மூலப்பத்திரம் மாதிரி. அந்த மரியாதையோடு வைத்துக்கொள்ளுங்கள்."

துண்டை விரித்து வாங்கினார்.

கோகிலா டீ கிளாஸ்களைக் கழுவ உள்ளே போயிருந்தாள். மேஜை மேல் மூன்று லினக்ஸ் சிடிக்கள் பளபளவென்று கிடந்தன.

"இது இனி எதுக்குங்க அய்யா?" என்றார்.

"விதைத்தாகிவிட்டது. சாக்கு எதற்கு?" என்றேன்.

வசனம் நன்றாக இருந்தது. அதுதான் ஆபத்து.

இரண்டு மாதம் சொர்க்கம். காலையில் ஜாதகம், மதியத்துக்கு மேல் புராஜெக்ட். முறைத் தண்ணீர் பிசகாமல் பாய்ந்தது. கோகிலா மெனுவில் அம்புக்குறியை அழுத்த மறந்தால் விண்டோஸுக்குள் போய்விடும். மறுபடி அணைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். "பரவாயில்லீங்க, பழகிப்போச்சு," என்பாள். பழகிப்போவதில் நம் பெண்களை மிஞ்ச ஆளில்லை.

வைவா, புதன்கிழமை. சேலத்தில். அதற்கு முந்தைய ஞாயிறு கைடிடம் கடைசித் திருத்தம் வாங்க அவள் மலை இறங்கினாள். அன்று ஒரு கஸ்டமர் கொண்டுவந்த ஃப்ளாப்பியில் வைரஸ். பழனிச்சாமியின் ஜாதகங்களில் எல்லா கிரகங்களும் ஒரே கட்டத்தில் போய் உட்கார்ந்தன.

அவன் நல்லவன். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. நேரம் பார்த்தான். ராகு காலம், எமகண்டம் தவிர்த்தான். தன் பாகத்தை மட்டும் அழித்து, தன் பாகத்தில் மட்டும் விண்டோஸைப் புதிதாகப் போட்டான். தங்கை பக்கம் ஒரு விரற்கடைகூட வரப்பை வெட்டவில்லை. நிலத்தில் இப்படி ஒரு பங்காளியை நான் பார்த்ததே இல்லை.

திங்கள் மாலை கோகிலா வந்து சுவிட்சைப் போட்டாள். மெனு வரவில்லை. பத்து விநாடி வரவில்லை. நேராக விண்டோஸ்.

அவள் போட்ட சத்தத்தில் நானும் என் மனைவியும் ஓடினோம்.

"என்ன பண்ணுனீங்கண்ணா?"

"உன்ற பக்கமே நான் வரலியே அம்மிணி! சாமி சத்தியமா!"

"வரலீங்கண்ணா... வாசலை அடைச்சுப் போட்டீங்க!"

அவள் பக்கம் முழுவதும் அப்படியே இருக்கிறது. புராஜெக்ட் இருக்கிறது. இதுவரை செய்த திருத்தங்கள் இருக்கின்றன. உள்ளே போக வழி இல்லை. கையில் ஒரு நகல் இல்லையா என்று என் மனைவி கேட்டாள். இருந்தது. மாசி மாதத்துப் பழைய நகல். மற்ற ஃப்ளாப்பிகளில் அண்ணனின் கஸ்டமர்கள் தோஷத்தோடு குடியிருந்தார்கள்.

"பதறாதே," என்றேன். "நிலம் எங்கும் போகாது. தடம்தான் அடைபட்டிருக்கிறது. அதற்குத்தான் மூலப்பத்திரம் இருக்கிறதே!" எஸ்.டி.டி. பூத்திலிருந்து காரவள்ளியில் பக்கத்து வீட்டுக்கு ஃபோன் போட்டுச் சின்னசாமிக்குச் சொல்லி அனுப்பினோம்.

செவ்வாய் மதிய பஸ்ஸில் வந்து இறங்கினார். மஞ்சள் பை. பைக்குள் பட்டுத் துணி. துணிக்குள் பத்திரங்கள். பத்திரங்களுக்கு நடுவில்...

நான் முதலில் சொன்ன ஃப்ளாப்பி.

"டிரங்குப் பெட்டிக்குள்ளயே வெச்சிருந்தேனுங்க. வெள்ளிக்கிழமை தவறாம மத்த பத்திரங்களோட சேத்து, நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்சு..." குரலில் அவ்வளவு பெருமிதம். "அந்தத் தகரத்தைத் தள்ளி உள்ளயும் கொஞ்சம் வெச்சேனுங்க. உள்ள இருக்கறதுதானே விஷயம்?"

கோகிலா வாங்கினாள். தாவணி முனையால் துடைத்தாள். டிரைவில் போட்டாள். அது கரக்... கரக்... என்று இரண்டு முறை காறியது. பிறகு, படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது.

மறுபடி. மறுபடி.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "சரிங்கப்பா," என்றாள். "மாப்பிள்ளை ஊட்டுக்குச் சொல்லிருங்க."

சின்னசாமிக்கு அந்தச் 'சரிங்கப்பா' உறைத்துவிட்டது. ஃப்ளாப்பியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்குப் பார்க்க வேறு ஆள் இல்லை. கையேட்டைப் புரட்டினேன். பூட் ஃப்ளாப்பி பழுதானால்? கடைசிப் பக்கத்தில், நான் அடிக்கோடிடாத ஒரே பத்தி: முதல் சிடியைப் போட்டு ஏற்றி, மீட்பு முறையில் உள்ளே போய், வாசற்பலகையைத் திரும்ப எழுதலாம்.

"முதல் சிடி!" என்று கத்தினேன். "கோகிலா, சிடிக்கள் எங்கே?"

"அதைத்தாங்க நானும் நேத்துல இருந்து தேடறேன். மேஜையில வெச்சதைக் காணோம்."

சின்னசாமி தொண்டையைக் கனைத்தார்.

"கிளிங்க..."

"என்ன கிளி?"

"சோளக்காட்டுல கிளி தாங்க முடியலீங்க. வெயில்ல மினுக்குனா வராதுன்னாங்க. கட்டித் தொங்க உட்டுட்டனுங்க... நீங்கதானுங்களே, சாக்கு எதுக்குன்னு..."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இந்தப் பத்தியில் எழுத இடம் போதாது.

பாருங்கள், இதுதான் நாம். எது வெறும் அடையாளமோ அதைப் பட்டில் சுற்றிப் பெட்டியில் பூட்டி மஞ்சள் வைப்போம். எது உண்மையில் வழியோ அதைக் கயிற்றில் கட்டிக் காட்டில் தொங்கவிடுவோம். பத்திரம் வேறு, பாத்தியதை வேறு என்று மேடை போட்டுப் பேசிய எனக்கே இது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

பழனிச்சாமி எழுந்தான். சட்டையை மாட்டினான். மொபெட்டை வெளியே தள்ளினான்.

"மூணு மணி ஆகப்போவுது சாமி," என்றார் சின்னசாமி. "செவ்வாக்கிழமை... ராகு காலம்."

ஊருக்கே நேரம் குறித்துக் கொடுப்பவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருக்கட்டுங்கப்பா," என்றான். மொபெட் வளைவில் இறங்கி மறைந்தது.

பிறகு காத்திருந்தோம். மூடுபனி இறங்கியது, தூறல் போட்டது. ஜெராக்ஸுக்கு வந்த இருவரை என் மனைவி கவனித்தாள். அந்த வேலையை அவள் என்னிடம் ஒப்படைக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தான். தலை முதல் கால் வரை ஈரம். சட்டைக்குள்ளிருந்து மூன்று சிடிக்களை எடுத்தான். கயிறுகூட அவிழ்க்கவில்லை. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்து, எது முதல் சிடி, எது மூன்றாவது என்று தெரியவில்லை. ஒன்றில் கிளி தன் கருத்தைப் பதிவு செய்திருந்தது.

கோகிலா சோப்பு போட்டுக் கழுவினாள். ஒன்றைப் போட்டாள். இல்லை. இன்னொன்று. இல்லை.

மூன்றாவது, கிளி கருத்துச் சொன்ன அதே சிடி, சுற்றியது, முக்கியது, நின்றது. மறுபடி சுற்றியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

அவள் விரல்கள் தட்டிய வேகத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடைமுறை தெரிந்த மேலதிகாரி வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் முறை என்பது மட்டும் புரிந்தது.

"மெனுவைத் திருப்பி எழுதறேனுங்க," என்றாள். "பத்து விநாடி... ஆரும் சொல்லலீன்னா எந்தப் பக்கம்னு மறுபடி எழுதோணும்."

சின்னசாமி வாயைத் திறந்தார். அதற்குள் பழனிச்சாமி, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். "ஒரு பக்கமும் வேண்டாம் அம்மிணி. ஆராச்சும் சொல்ற வரைக்கும் நிக்கட்டும்னு எழுத முடியாதா?"

"முடியுங்கண்ணா."

"அப்ப அதையே எழுது."

எழுதினாள். அணைத்து ஏற்றினாள். மெனு வந்தது. இரண்டு பெயர். விநாடி ஓடவில்லை. அது பாட்டுக்கு நின்றது. அவள் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தி உள்ளே போனாள். எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. திருத்தங்களைப் போட்டு ரிப்போர்ட்டை அச்சுக்குக் கொடுத்தாள். அன்று அந்தப் பிரிண்டர் யாருடைய தலைவிதியையோ அச்சடித்ததென்றால், அது கோகிலாவுடையதுதான்.

புதன்கிழமை வைவா. பாஸ். கைடு கைகொடுத்தாராம்.

இந்த ஞாயிறு சின்னசாமி வந்தார். "நம்ம வேலை இனி ஆகட்டுங்க அய்யா," என்றார். விடுதலைப் பத்திரத்தின் வரைவை நான் தயாராக வைத்திருந்தேன். நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே... பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து முழுவதும் வாசித்தேன். முடித்துவிட்டுக் கோகிலாவிடம் கேட்டேன். "சம்மதமா?"

இந்த இடத்தில் வழக்கமாகப் பத்து விநாடிகூட ஆகாது. பெண் தலையைக் குனிவாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பேனாவை நீட்டுவோம்.

கோகிலா தலையைக் குனியவில்லை. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"இல்லீங்க அய்யா," என்றாள். "ரெண்டு பாகமா எழுதுங்க. கிணறும் தடமும் பொதுவுல இருக்கட்டும்."

"நெலம் வேற கண்ணு," என்றார் சின்னசாமி, மெதுவாக. "டிஸ்க்கு மாதிரி இல்ல."

"ஆமாங்கப்பா, வேறதான். டிஸ்க்கு போனா வேற வாங்கிக்கலாம்."

சின்னசாமி மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். கணக்குப் போடுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. கடைசியில் சொன்னான்: "அதெல்லாம் சரிங்க அய்யா. ஆனா, களம் என்ற பக்கம் வரோணும். போன தடவையே அவதான் எடுத்துக்கிட்டா."

என் சர்வீஸில் நான் கற்ற ஒரே பாடம் இது: ஒருவன் பேரம் பேச ஆரம்பித்துவிட்டானென்றால், கொடுப்பதென்று தீர்மானித்துவிட்டான்.

"களம் உங்களுக்கேங்கண்ணா," என்றாள் கோகிலா.

நான் வரைவைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாள் எடுத்தேன். சின்னசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, ரொம்பத் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க அய்யா... இந்தப் பத்திரத்துக்காவது மஞ்சள் வெக்கலாமுங்களா?"

தாராளமாக வையுங்கள் என்றேன். முதலில் பொண்ணுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு!